காலிக் குடுவைக்கு ஒரு கேடயம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. விமான எரிபொருள் கிடங்கின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்கா சொன்னது. அவளுடைய கோபத்தைக் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

அங்கே ஒரு வடிகட்டி உண்டு. எரிபொருளில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீர்த்துளிகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கி, அடியிலுள்ள கண்ணாடிக் குடுவைக்கு இறக்கிவிடுவது அதன் பணி. குடுவையில் எவ்வளவு நீர் என்று தினமும் படிவத்தில் எழுத வேண்டும். குறைந்தால் பாராட்டு. கூடினால் விளக்கக் கடிதம்.

இந்நிலையில் துருவைத் தடுக்கும் புதிய சேர்மானம் ஒன்று வந்தது. எல்லாக் கிடங்குகளிலும் அதுதான் நாகரிகம். அதோடு வந்த குறிப்புத் தாளில் ஒரு பங்கு கலக்கவும் என்றிருந்தது. மேலாளர் ஆர்வத்தில் மூன்று பங்கு ஊற்றச் சொன்னார். மறுநாள் குடுவை காலி. ஒரு வாரமாகக் காலி. தலைமையகம் கேடயம் அறிவித்தது.

அக்கா மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், தண்ணி எங்கயும் போகல. எண்ணெய்க்குள்ளேயே இருக்கு. அந்த மருந்து சோப்பு மாதிரி, துளியோட துளி சேரவே விடல. வடிகட்டி சும்மா நிக்குது."

"குடுவையில இருக்கா?"

"இல்ல."

"அப்ப இல்லன்னு எழுதும்மா."

"எண்ணெயையே சோதிச்சேன் சார். தண்ணி பட்டா நிறம் மாறுற வில்லை, மாறிடுச்சு. உயரத்துல உறைஞ்சு குழாய அடைச்சா என்னாகும்?"

"வில்லைக்குப் படிவத்துல கட்டம் இருக்கா?"

இல்லை. அவளைப் பணி நிரந்தரம் செய்யும் கோப்பு அவர் மேஜையில் இருந்தது. அதை ஒரு விரலால் மெல்ல ஓரத்துக்குத் தள்ளினார்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்."

'நீரற்றது என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது' என்பதன் கீழ் அவரே கையெழுத்திட்டார். எரிபொருள் லாரி மதிய விமானத்தை நோக்கிப் புறப்பட்டது.

அப்போது தொலைபேசி அடித்தது. கேடயம் இன்றே வழங்கப்படும். அதே மதிய விமானத்தில் அவருக்கு இருக்கை போட்டாயிற்று. மேலாளர் ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தார்.

"ஏம்மா, நிஜத்தைச் சொல்லு. தண்ணி இருக்கா?"

"படிவப்படி இல்ல சார்."

"படிவத்தத் தூக்கிக் குப்பையில போடும்மா! நான் புள்ளகுட்டிக்காரன்!"

லாரி பாதி வழியில் நிறுத்தப்பட்டது. வடிகட்டியின் உள்பாகத்தை மாற்றி, சேர்மானம் கலக்காத பழைய தொட்டியிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். மூன்று மணி நேரம் தாமதமாக விமானம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. மேலாளர் கேடயம் வாங்கினார். அடுத்த வாரம் அக்கா நிரந்தரமானாள். வீட்டில் இனிப்பு வாங்கினோம்; நானும் இரண்டு சாப்பிட்டேன்.

பிற்பாடு அன்றைய தாமத அறிக்கையைத் தேடிப் பார்த்தேன். காரணம்: கனமழை. வானிலை அலுவலகப் பதிவில் அன்று ஒரு மேகம்கூட இல்லை. அந்த வாரம் முழுவதிலும் தண்ணீர் இருந்ததாகக் கிடங்கு ஒப்புக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

அறிக்கையின் கீழே இரண்டு கையெழுத்துகள். ஒன்று மேலாளருடையது. மற்றது எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து; அதைப் பற்றி மட்டும் அக்கா என்னிடம் சொல்லியிருக்கவில்லை.