குலுக்கலில் விழுந்த வீடு

"அந்த ஒரு வீடு மட்டும் மசியவே மாட்டேங்குது சார்" என்றாள் களப்பணிப் பெண், போனில்.

பேராசிரியருக்குத் தலை சுற்றியது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சராசரி சார்'. பொதுச் சுகாதார ஆய்வுகளுக்குக் கணக்குப் போட்டே தலைமுடியைப் பறிகொடுத்தவர். ஊராரின் ரத்த அழுத்தம் பற்றிய இந்த ஆய்வுதான் அவருடைய வாழ்நாள் கனவு. பேச மறுத்த வீடுகளின் எண்ணிக்கை ஏற்கெனவே எல்லையைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரு வீடு மறுத்தால், நிதி கொடுப்பவர்கள் ஆய்வையே இழுத்து மூடிவிடுவார்கள்.

"பக்கத்து வீட்டுல கேட்டுக்கட்டுமா சார்? அந்தம்மா தங்கமானவங்க."

"வாயைக் கழுவும்மா! குலுக்கல்ல எந்த வீடு விழுந்துச்சோ அதான். ஒரு குடை பரிசாக் கொடுத்துப் பாரு."

குடை போன வேகத்தில் திரும்பி வந்தது.

"லஞ்சமான்னு கேட்டுக் கதவைச் சாத்திட்டாங்க சார்."

உருக்கமாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அது இன்னும் மோசம். கையெழுத்தைப் பார்த்ததும் அந்த வீட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு, இனி இந்தப் பக்கமே வராதே என்றாராம்.

"இரு, நானே வரேன்."

வீடுகளை எண்களாக மட்டுமே அறிந்த மனிதர், அவள் பின்னாலேயே நடந்தார். பொழுதெல்லாம் அலுவலகத்தில் கிடப்பவருக்குத் தெரு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அவள் மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. "ஒருவழியா உங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்று அவரைக் கேட்டார்.

"உங்க வீடா சார் இது?" களப்பணிப் பெண் வாயைப் பிளந்தாள்.

அவர் அசடு வழிந்தார். "ஏம்மா, நாலு கேள்விக்குப் பதில் சொன்னா என்ன?"

"விருப்பம் இல்லேன்னா மறுக்கலாம்னு உங்க கடுதாசியிலதானே இருக்கு? நான் பேச வந்தப்பல்லாம் 'ஆய்வு முடியட்டும்'னீங்க. இப்ப ஆய்வுக்கு என் பேச்சு வேணுமாக்கும்?"

அவருக்குச் சுருக்கென்றது. அதைவிட, ஆய்வு போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"தப்புதாம்மா. என் மானத்தைக் காப்பாத்து."

மனைவிக்கு மனசு இளகிவிட்டது. "சரி, உள்ள வாங்க."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். முதல் கேள்வி வந்தது.

"இந்த வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?"

"நானும் என் பொண்ணும்."

"என்னை விட்டுட்டியே!" என்று துள்ளி எழுந்தார்.

களப்பணிப் பெண் தயங்கினாள். "வாரத்துல பாதி நாளாவது வீட்டுல சாப்பிடறவங்களைத்தான் சேர்க்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க?"

மனைவி சிரிக்கவில்லை. "ஒரு நாள்கூட இல்லம்மா."

"அப்ப கொஞ்சம் வாசல்ல இருங்க சார். பேட்டி எடுக்கும்போது வெளியாளுங்க உள்ள இருக்கக் கூடாது."