ரிட்டன் அண்ணன் ஏற்றிவந்த லோடு

ஆரணிக்கும் சென்னைக்கும் நடுவே வண்டி ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில், வண்டி காலியாகத் திரும்புவதைச் சாவு விழுந்த மாதிரி எடுத்துக்கொண்டு, சோறு இறங்காமல் படுத்தவர் ஒருவர்தான். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கும் டிரைவிங் லைசென்ஸுக்கும் மட்டுமே தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் ரிட்டன் அண்ணன்.

தொண்ணூறுகளில் நான் ஆரணியில் ஒரு பட்டுப்புடவை வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை புடவைகளைக் கட்டுக் கட்டாக வேனில் ஏற்றிப் போய்ச் சென்னைக் கடைகளில் இறக்கிவிட்டு வர வேண்டும். வேனை ஓட்டியவர் ரிட்டன் அண்ணன். கட்டுகளுக்குக் காவலாகப் பக்கத்தில் நான். போகும்போது நன்றாகத்தான் பேசிக்கொண்டு வருவார். கடைசிக் கட்டை இறக்கியதும் முகம் இருண்டுவிடும். "வெறும் வண்டியா போறதுக்கா டீசல் போட்டோம்?" என்று என்னைக் கேட்பார், ஏதோ டீசலை நான் குடித்துவிட்ட மாதிரி.

அதனால் எதையாவது ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார். பழைய டயர்கள், யாரோ கழித்துக் கட்டிய தொட்டில், ஒரு கால் இல்லாத மேஜை எல்லாம் அப்படி ஆரணிக்கு வந்து சேர்ந்தவைதான். ஒன்றும் கிடைக்காத நாளில் பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களின் அருகில் வண்டியை நிறுத்தி, "ஆரணி வர்றீங்களா?" என்று கேட்பார். செங்கல்பட்டு போக வேண்டிய ஒரு பெரியவர், அவர் கேட்ட தோரணைக்குப் பயந்து ஏறிவிட்டார். ஆரணியில் இறங்கி, டீ குடித்து, எதற்கு வந்தோம் என்று விளங்காமலே வேறு பஸ் பிடித்துப் போனார். கல்யாணத்துக்கு மொய்க் கவரோடு போன அண்ணன் வாழைத்தாரோடு திரும்புவார். ஆஸ்பத்திரியில் யாரையாவது கொண்டுபோய்ச் சேர்த்தால், குணமாகி வெளியே நிற்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து வீட்டில் இறக்கிவிடுவார். இத்தனையும் செய்தவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவருக்குத் தேவிகாபுரம் போகிற வழியில் ஒரு கிராமம். நிலமில்லாத கூலிக் குடும்பம். அப்பா காலத்தில் சர்க்கார் ஒரு துண்டு நிலம் கொடுத்தது. கொடுத்ததென்னவோ சரளை மேடு. ஆடு மாடு கூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். அப்பா சாகும்வரை அதில் பாடுபட்டார். ஒரு படி தானியம் வீட்டுக்கு வரவில்லை.

இதில் அந்தக் குடும்பத்துக்குத் தீராத குறை ஒன்று உண்டு. ஆடி மாதம் அவர்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். நிலம் உள்ள வீடுகள் தங்கள் நிலத்தில் விளைந்த கேழ்வரகில் ஒரு மரக்கால் கொண்டுவந்து கொடுக்கும். நிலம் இல்லாதவர்கள் விறகு போடுவார்கள், தண்ணீர் சுமப்பார்கள். அண்ணனுடைய அப்பா கையில் பட்டாவை வைத்துக்கொண்டு விறகு சுமந்தார். கடையில் வாங்கிக் கொடுக்கச் சொன்னவர்களிடம், "அது கடைக்காரன் கூழு" என்று சொல்லிவிட்டாராம். அந்த மரக்கால் கேழ்வரகை அப்பாவின் நிலத்திலிருந்து எடுத்துப்போய் அம்மனுக்குக் கொடுத்துவிட வேண்டும். ரிட்டன் அண்ணன் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிலத்துக்குப் போய் ஒரு சோதனை செய்வார். கையகலக் குழி தோண்டி, சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றி, உடனே ஒரு பீடியைப் பற்றவைப்பார். புகைப்பதற்காக அல்ல, அவருக்குப் பீடி நாற்றமே ஆகாது. பீடியை விரல் நடுவே பிடித்துக்கொண்டு, குழியையே பார்த்துக் குந்தியிருப்பார். தண்ணீர் வற்றும்போது எவ்வளவு பீடி எரிந்திருக்கிறது என்பதுதான் அளவு. முதன்முதலாக நான் கூடப் போன அன்று, அவர் தீக்குச்சியை உதறுவதற்குள் குழி காய்ந்துவிட்டது. "பாத்தியா தம்பி. பல்லு நனையறதுக்குள்ள முழுங்கிடுச்சி" என்றார்.

விடிவு காலம் பங்ச்சர் ரூபத்தில் வந்தது. சென்னைக்கு வெளியே ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் டயர் போயிற்று. நான் ஸ்டெப்னிக்கு ஜாக்கி போட்டுக்கொண்டிருக்க, அண்ணனைக் காணோம். தேடினால், காம்பவுண்டுக்குள் கறுப்பு மண் குவியல்களுக்கு முன்னால் குந்தியிருக்கிறார். குவியல் முழுக்கத் தக்காளிச் செடி. யாரும் விதைத்ததில்லை, ஊர் தின்ற தக்காளியின் விதை தானாக முளைத்துக் காய்த்துக் கிடந்தது. சாக்கடையிலிருந்து பிரிந்த கசடைப் புளிக்கவைத்து, பாத்தியில் பரப்பி, மாதக்கணக்கில் வெயிலில் காயவிட்ட உரம் அது என்று அங்கிருந்தவர் சொன்னார். கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

"அண்ணே, இன்னா இருந்தாலும் அது..." என்று நான் மூக்கைப் பிடித்தேன்.

"இன்னா அது? ஆரணியில இருந்து தெனமும் எத்தினி லாரி அரிசி மெட்ராசுக்குப் போவுது. நம்ம மண்ணு சத்துதானே அம்மாம் பேரும் தின்றாங்க? போனதுல ஒரு மூட்டையாவது திரும்பி வந்துகீதா? இதான்டா தம்பி நெசமான ரிட்டன் லோடு" என்றார். அந்த மனிதர் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதேயில்லை.

அன்றே சாக்கில் அள்ளினோம். அவசரத்தில் காயாத ஓரத்துப் பாத்தியிலிருந்து அள்ளிவிட்டார் என்பது வண்டி காவேரிப்பாக்கம் தாண்டும்போது எனக்குத் தெரிந்தது. மறுவாரம் அதே வேனில் முகூர்த்தப் புடவைகள் ஏற வேண்டும். வேனைக் கழுவினார், காயவைத்தார், வாசம் போகவில்லை. கடைசியில் ஒரு மண்சட்டியில் சாம்பிராணியைக் கொட்டி வேனுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். புடவை வாங்கின சென்னைக் கடைக்காரர் முதலாளிக்கு போன் செய்தார். போன முறை வந்த சரக்கில் கோயில் வாசனை வருகிறது, கல்யாண வீட்டுக்காரர்கள் விரும்பிக் கேட்கிறார்கள், அதே மாதிரி அனுப்புங்கள் என்று. முதலாளி பூரித்துப்போய் எங்களை விசாரித்தார். அண்ணனுக்குப் பொய் வராது. உள்ளதை உள்ளபடியே சொன்னார்.

"பொண்ணு கட்டிக்கிற பொடவை போற வண்டிப்பா இது" என்று முதலாளி தலையில் கைவைத்தார்.

"அந்தப் பொண்ணும் சோறு துன்னும் இல்ல மொதலாளி" என்றார் அண்ணன், மிகுந்த மரியாதையோடு.

அன்றைக்கு வேலை போயிருக்க வேண்டும். இரவு பகல் எப்போது கூப்பிட்டாலும் வண்டி எடுக்கிற ஆள் என்பதால் முதலாளி பொறுத்துக்கொண்டார். நன்றாகக் காய்ந்ததுதான் ஏற்றணும், தார்ப்பாய் விரிக்கணும், வந்ததும் கழுவணும், சாம்பிராணி கட்டாயம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. அதன் பிறகு வாரா வாரம் பட்டு போகும், உரம் வரும்.

வழியில் செக்போஸ்ட்டில் என் மானம்தான் கப்பலேறும். "லோடு என்னய்யா?" என்று கேட்டால் அண்ணன் இறங்கி நேராக நின்று, "மெட்ராஸ் ஜனங்களோட கழிவு சார். பதப்படுத்தி, காயவெச்சது. பாக்குறீங்களா?" என்பார். "யோவ், ஜல்தியா எடுய்யா வண்டிய" என்று போலீஸ்காரர் பின்னால் நகர்வார். எரு என்று சொன்னால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன். "லோடு இன்னான்னு கேட்டா, இன்னா லோடோ அத்ததான் சொல்லணும்" என்றார். கீரை, வெங்காயம் என்று பச்சையாகத் தின்கிற எதையும் அந்த நிலத்தில் போடக் கூடாது என்று உரம் கொடுத்தவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். அவர் கேழ்வரகைத் தவிர ஒன்றும் போடவில்லை.

பல வருஷம் ஆயிற்று. பீடி மெல்ல மெல்லக் கூடுதலாக எரிய ஆரம்பித்தது. கால் பீடி, அரை பீடி என்று போய், ஒரு வருஷம் நிஜமாகவே கேழ்வரகு கதிர் பிடித்தது. அந்த ஆடியில் ஒரு மரக்காலைத் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். நானும் ஆரணியிலிருந்து போயிருந்தேன்.

தானியத்தை வாங்கிக்கொள்வதும் அண்டாவில் துடுப்புப் போடுவதும் அவருடைய அக்கா முனியம்மா. தம்பியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணன் செக்போஸ்ட் குரலில், "நம்ம அப்பா நெலத்து கேவுரு அக்கா. மெட்ராஸ் ஜனங்க கழிவு ஒரம் போட்டு வெளஞ்சது. பதப்படுத்தி, காயவெச்சது" என்றார்.

அக்கா துடுப்பை விட்டு நிமிர்ந்தார். அவருடைய புருஷன் வெளியூரில் சாக்கடை அள்ளும் வேலையில் இருந்து, அதிலேயே உடம்பு கெட்டுச் செத்தவர்.

"எம் புருஷன் அத்த அள்ளி அள்ளிதான் போய்ச் சேந்தாரு. எம் புள்ளைங்க அந்தப் பக்கமே தல வெச்சிப் படுக்கக்கூடாதுன்னு நாலு ஊட்ல பாத்திரம் தேச்சி படிக்கவெச்சேன். நீ இன்னாடான்னா வண்டி வெச்சிகினு தேடிப் போயி ஏத்திகினு வர்ற. எடுத்துகினு போடா" என்றார்.

அண்ணன் மூட்டையைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த சென்னைப் பயணத்தில் நான் யோசனை சொன்னேன். "வர்ற வருஷம் சொல்லாம குடுத்துடுங்கண்ணா. எல்லாக் கேவுரும் ஒரே கலர்தானே." அவர் வண்டியை ஓரம் கட்டினார். "எங்க அக்காகிட்ட லோட மறச்சி எறக்கச் சொல்றியா நீ?" மறு ஆடியிலும் மரக்கால் போயிற்று, லோடு இன்னதென்று சொன்னார், மரக்கால் திரும்பி வந்தது. திரும்பி வர வேண்டாம் என்று அவர் வாழ்க்கையில் நினைத்த ஒரே ரிட்டன் லோடு அந்த மரக்கால்தான்.

அதற்கடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பீடி பற்றவைத்துக் குந்தியிருந்தார். பக்கத்தில் நான். வழி தவறிய ஆடுகளைத் தேடிக்கொண்டு முனியம்மா அக்கா வந்தார். அவருடைய ஆடுகள் எல்லாம் அண்ணன் நிலத்தில்தான் தாளைக் கடித்துக்கொண்டு நின்றன. ஓட்டப் போனவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். பீடி எரிந்துகொண்டே வந்தது. குழியில் தண்ணீர் நின்றது. பீடி விரல் வரைக்கும் வந்துவிட்டது, தண்ணீர் நிற்கிறது. அண்ணன் பீடியைப் போடவில்லை.

"கைய சுட்டுக்கப் போறடா" என்று அக்கா தட்டிவிட்டார்.

பிறகு அவரும் குந்தி உட்கார்ந்து, அந்த மண்ணைக் கையில் அள்ளினார். அது சரளை மண்ணாக இல்லை. மோந்து பார்த்தார். மழை பெய்த தரையின் வாசனைதான் அதில் இருந்தது. வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்த மனுசன் ஆயுசுக்கும் அள்ளுனாரு. அம்மாத்தையும் எங்கதான் கொட்டுனாங்களோ. ஏரியோ, கொளமோ. எங்க போனாலும் அந்த எடத்தையும் நாறடிச்சிருக்கும். அதுக்கு ஒரு மனுசன் செத்தாரு" என்றார். கையிலிருந்த மண்ணைக் குழி ஓரத்தில் போட்டுவிட்டு, "இப்படி ஒரு நெலத்துக்காச்சும் வந்திருக்கலாம்" என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்து ஆடுகளை ஓட்டினார். வரப்பில் நின்று, திரும்பாமலே, "ஆடிக்குக் கேவுரு கொணா" என்றார்.

அந்த ஆடியில் கொண்டுபோனார். போனதும் வழக்கப்படி, "மெட்ராஸ் ஜனங்க..." என்று ஆரம்பித்தார். "தெரியும்டா, எல்லாருக்கும் தெரியும். மூட்டைய எறக்கு" என்று அக்கா வாங்கிக்கொண்டார். வரிசையில் இரண்டொருவர் விலகிப் போனார்கள். மற்றவர்கள் சொம்பை நீட்டினார்கள். நானும் வாங்கிக் குடித்தேன். வெங்காயம் கடித்துக்கொள்ளத் தோதான, நல்ல புளித்த கூழ். அண்ணன் சிரிக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் கழித்து, ஆரணி ஆஸ்பத்திரியில் மாரடைப்பில் போய்விட்டார். உடலை ஊருக்குக் கொண்டுபோக முதலாளி அந்தப் பட்டு வேனையே கொடுத்தார். அடக்கம் முடிந்தது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் நான் பேசாமல் வேனில் ஏறினேன். புது டிரைவர் வண்டியைத் திருப்பினான். பின்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

முனியம்மா அக்கா ஒரு சாக்கு மூட்டையோடு நின்றார். "சாவு ஊட்ல இருந்து எதுவும் எடுத்துகினு போவக்கூடாதும்பாங்க. நீ அதெல்லாம் பாக்காத தம்பி. அப்பா நெலத்து கேவுரு. அவன் வண்டி வெறும் வண்டியா போவக்கூடாது" என்றார்.

மூட்டையை ஏற்றினோம். நான் முன் சீட்டுக்குப் போகவில்லை. பின்னால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரணி வரும்வரை அதன்மேல் வைத்த கையை எடுக்காமல் வந்தேன்.