எங்கே கிளம்பியிருக்கிறீர்கள் என்று கேட்ட போன்

புது போன் வாங்கியவர் முதல் வாரத்தில் அதைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்பாதீர்கள். பொய் சொல்கிறார் என்று இல்லை. காசைக் கொடுத்தாயிற்று, இனி அது நல்ல போனாகத்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில் பேசுகிறார். இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அப்படிப் பேசிய ஆள் நானேதான். பேசியதோடு விட்டேனா? குரல் பதிவாக்கி, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாளுக்கு ஒன்றாகப் போட்டேன்.

அப்போது நான் அரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலையில் இருந்தேன் (ஊசி குத்துவதும் நான்தான், முன்னால் உட்கார்ந்து பேர் எழுதுவதும் நான்தான்). வீடு மொரப்பூரை ஒட்டிய கிராமம். அந்த போன் வெளிவந்த வாரமே தருமபுரிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்துவிட்டேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதை வைத்திருக்கும் முதல் ஆள் நான் என்று நானே அறிவித்தும்விட்டேன். மறுத்துப் பேச அங்கே யாருக்கும் விவரம் போதாது.

முதல் நாள் அபிப்பிராயம்: "கையில புடிச்சா சும்மா வெண்ணெ மாதிரி இருக்குது." உண்மையில் அது வெண்ணெய் மாதிரி வழுக்கி இரண்டு தடவை கட்டிலில் விழுந்திருந்தது. பெட்டிக்குள் சார்ஜர் இல்லை என்பதையும் நான் சொல்லவில்லை. இரண்டாம் நாள் கேமரா. லேப் மொட்டை மாடியில் நின்று தீர்த்தமலையை ஜூம் செய்து எடுத்து அனுப்பினேன். பச்சையாக ஒரு மொத்தை வந்திருந்தது. "கோயில் கூடத் தெரியுது பாருங்க" என்று எழுதினேன், நாலு பேர் தெரிவதாகப் பதில் போட்டார்கள். ஆட்களைப் படம் எடுத்தால் அந்த கேமரா கேட்காமலே இரண்டு கோட்டிங் வெள்ளை அடித்துவிடும். என் சித்தி அன்றிலிருந்து அந்த போனின் பரம ரசிகை. மூன்றாம் நாள், எங்கள் வீட்டுக்குள்ளேயே நாலு கோடு சிக்னல் எடுக்கிறது என்று பெருமை பேசினேன். இது மட்டும் நிஜம். அப்பாவின் போனுக்கு மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றி வைத்தால்தான் சிக்னல்.

நாலாம் நாள்தான் வினை வந்தது. தெரியாத நம்பரிலிருந்து யாராவது கூப்பிட்டால் நாம் எடுக்க வேண்டாம், போனே எடுத்துப் பேசும் என்று ஒரு வசதி அதில் இருந்தது. நமக்கு மணி கூட அடிக்காது. செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் யார், என்ன என்று விசாரித்து, பேசியதையெல்லாம் எழுத்தாகத் திரையில் காட்டும். ஆள் சரியாக விவரம் சொன்னால் மட்டும் மணி அடித்து நம்மைக் கூப்பிடும். லோன் வேண்டுமா என்று கேட்பவர்களிடம் நொந்து போயிருந்த எனக்கு அது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. என்ன கேட்க வேண்டும் என்பதை நாமே எழுதி வைக்கலாம். நான் யோசிக்கவே இல்லை. லேபில் வருகிறவர்களிடம் தினமும் கேட்பதை அப்படியே எழுதினேன்: பெயர் என்ன, ஊர் என்ன, என்ன காரணம். கடைசியில் லேப் பாணியிலேயே ஒரு வரி: "நன்றி. தேவைப்பட்டால் திரும்ப அழைப்பார்கள்." குழுவில் அதற்கு அஞ்சுக்கு அஞ்சு மார்க் போட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

மாப்பிள்ளை எனக்குப் புதியவர் இல்லை. பென்னாகரம் சக்திவேல், தருமபுரியில் எக்ஸ்ரே எடுப்பவர். ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமாகி, இரண்டு வருடம் இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் ஓடி, பிறகு தெரிந்து, பிறகு ரகளையாகி, கடைசியில் "சரி, முறைப்படி வந்து பாக்கறோம்" என்ற இடத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. அவருடைய அப்பா மாதையன் மனம் இறங்கியது பெரிய விஷயம். அதைவிடப் பெரிய விஷயம், அவர் சகுனம் பார்ப்பவர். பெரிய மகனுக்குப் பார்த்த ஓர் இடத்தைத் தும்மலுக்காக விட்டவர். இன்னோர் இடத்துக்கு வாசலில் கால் வைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் "எங்க கெளம்பிட்டீங்க?" என்று அன்பாகக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தவர் அந்தப் பேச்சையே மறுபடி எடுக்கவில்லை.

அதனால் சக்திவேல் முந்தின நாளே முழு வேலையில் இறங்கியிருந்தார். தெருவில் வீடு வீடாகப் போய், "நாளைக்குக் காலைல எங்கப்பாவப் பாத்தா சிரிங்க, போதும். எதையும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எதிர்வீட்டுப் பூனையைக் கூடை போட்டு மூட ஏற்பாடு. சரியாக எட்டரை மணிக்கு நிறைகுடத்தோடு எதிரே வர ஓர் அக்காவைப் பிடித்து வைத்திருந்தார். "எல்லாப் பக்கமும் அடைச்சாச்சு கோமதி. ஒரு ஓட்டை கெடையாது" என்றார், ராத்திரி நான் கூப்பிட்டபோது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அன்று காலை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வந்துவிடுவதாகப் பேச்சு. அம்மா எட்டு மணிக்கே கேசரி கிண்டிவிட்டார். எனக்குச் சித்தி தலை பின்னிக்கொண்டிருந்தார். போன் சமையலறை ஜன்னலில் சார்ஜில் கிடந்தது (காலையில் இரண்டு மணி நேரம் தொட்டாலே பாதி பேட்டரி காலி. இதையும் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை). ஒன்பதே முக்கால் ஆயிற்று. பத்து ஆயிற்று. அப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து வேட்டி மடிப்பே கலைந்துவிட்டது. பத்தேகாலுக்குப் படம் எடுக்கலாம் என்று போனை எடுத்தேன். திரையில் ஒரே மாதிரி மூன்று வரிகள். முதலில் வந்தது: "உங்களுக்காக ஓர் அழைப்பு கையாளப்பட்டது. விளம்பர அழைப்பாக இருக்கலாம்."

நேரம் எட்டு முப்பத்திரண்டு. கீழே முழுப் பேச்சும் எழுத்தில் இருந்தது.

"வணக்கம். உங்கள் பெயர், ஊர், என்ன காரணத்துக்காக அழைக்கிறீர்கள் என்று சொல்லவும்."

"நான்தாங்க."

"மன்னிக்கவும். பெயரைத் தெளிவாகச் சொல்லவும்."

"அட நாந்தாங்க. கெளம்பிட்டோம், அதச் சொல்லலாம்னுதான்."

"எங்கே கிளம்பியிருக்கிறீர்கள்? எதற்காக?"

அதற்கப்புறம் சில புள்ளிகள். பிறகு, "அடேய் சக்திவேலு..." பிறகு என் போன், நான் எழுதிக் கொடுத்தபடியே: "நன்றி. தேவைப்பட்டால் திரும்ப அழைப்பார்கள்."

பேசியது மாதையன். நம் பக்கத்தில் போன் செய்தால் யார் பேர் சொல்லுகிறார்கள்? "நான்தான்" என்றால் நாம்தான் குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மேல் அந்த அடுத்த கேள்வியை நான் எழுதவே இல்லை. அது போனே தன் சொந்த மூளையைப் போட்டுக் கேட்ட கேள்வி. படியிறங்குகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்பதை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"உம்போனுக்கு அடிச்சாரா? எனக்கு ஏன் அடிக்கல?" என்று அப்பா தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் பூஜ்யம். அன்று பார்த்துத் தொட்டி மேல் வைக்க மறந்திருக்கிறார். அவருக்குப் போகாமல் போனதும் மாதையன் என் நம்பருக்கு அடித்திருக்கிறார்.

சக்திவேலைக் கூப்பிட்டேன். எடுத்ததுமே கொட்டினார். "செருப்பக் கழட்டிட்டாரு. தண்ணி குடிச்சாரு. வேன்ல ஏறுனவங்களையெல்லாம் எறங்கச் சொல்லிட்டாரு. நிறைகொடத்தோட வந்த அக்கா இன்னும் வாசல்லயே நிக்கறாங்க." பிறகு, "ரெண்டு தடவ உனக்கு அடிச்சேன், என்கிட்டயும் பேரு கேக்குது" என்றார். அப்போதுதான் நினைவு வந்தது. வீட்டுக்குத் தெரியாத காலத்துப் பழக்கத்தில் அவர் நம்பரை நான் எந்தப் பேரிலும் பதிந்து வைத்ததே இல்லை.

அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடம் பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே பிளாட்பாரத்திலும் ஒளிந்து ஒளிந்து காத்ததை, வாங்கி ஐந்து நாளான ஒரு போன் அரை நிமிடத்தில் முடித்துவிட்டதே என்று இருந்தது. "அவர்கிட்ட குடுங்க" என்றேன். பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே மாமனாரிடம் பெண்ணே பேசுவது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத காரியம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யா, கேட்டது நான் இல்லீங்க. போனுங்க."

"போனு எப்படிம்மா கேக்கும்? பொம்பளக் குரலு. நல்லாக் காதுல வுழுந்துச்சு."

"அது மிஷின் குரலுங்க."

"அப்படியா? வெய்யி. நானே கூப்புட்டுப் பாக்கறேன்."

வைத்துவிட்டார். அந்தப் பத்து வினாடியில் நான் செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால், பதற்றத்தில் அந்த வசதியை நிறுத்தியது. மணி அடித்தது. எடுத்தேன்.

"இப்ப நீதான பேசற?"

"ஆமாங்க."

"மிஷினு எங்க?"

"அத நிறுத்திட்டேங்க..."

"அதான," என்றார்.

அந்த "அதான" இன்னும் என் காதில் இருக்கிறது. "அய்யா, ஒரே தடவங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சுக் கூப்புடுங்க" என்று கெஞ்சினேன். அவர் பாட்டுக்கு வைத்துவிட்டார். செட்டிங்ஸுக்குள் நுழைந்து ஏழு இடத்தில் அழுத்தினால்தான் அந்த வசதி மறுபடி உயிர் பெறும். அவசரத்தில் இரண்டு தடவை கேமரா திறந்து, எங்கள் எல்லோரையும் வெள்ளையாகப் படம் எடுத்தது. ஒருவழியாக ஆன் செய்து போனைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தேன். அப்பா, அம்மா, சித்தி, நான், நாலு தலையும் அதன் மேல் குனிந்திருந்தன.

திரை விழித்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"பேரு மாதையன். ஊரு பென்னாகரம்."

"என்ன காரணத்துக்காக அழைக்கிறீர்கள்?"

"கெளம்பலாமா வேண்டாமானு பாக்கறேன்."

"எங்கே கிளம்ப இருக்கிறீர்கள்? எதற்காக?"

"மறுபடி கேக்குதே பாவி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். திரையில் மூன்று புள்ளிகள் துடித்துக்கொண்டே இருந்தன. முப்பது வினாடி இருக்கலாம். எனக்கு ஒரு முகூர்த்தம் முழுக்கப் போன மாதிரி இருந்தது. பிறகு வந்தது:

"மொரப்பூருக்கு. எம் பையனுக்குப் பொண்ணு கேட்டு வரோம்."

"நன்றி. இணைக்கிறேன்." விசாரித்து முடித்து, முதல் முறையாக அந்த போன் ஒழுங்காக மணி அடித்தது.

"அதே கொரலு, அதே கேள்வி. ஒரு எழுத்து மாறல" என்றார் மாதையன். "உசுரு இருக்கறது கேட்டாத்தாம்மா சகுனம். பல்லிக்கு உசுரு இருக்குது, பூனைக்கு இருக்குது. இதுக்கு என்ன இருக்குது? இது சேத்தியிலயே வராது. ராகுகாலம் தாண்டி வரோம்."

இரண்டு மணிக்கு வந்தார்கள். எட்டு மணிக் கேசரியைக் கத்தி வைத்து வெட்டித்தான் தட்டில் வைத்தோம். நான் காபியோடு போய் நின்றதும் மாதையன் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பே இல்லாத முகம்.

"பேரு?"

"கோமதிங்க."

"ஊரு?"

"மொரப்பூருங்க."

"காரணம்?"

லேப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. சக்திவேலைக் காட்டி, "இவருதாங்க" என்றேன். அம்மா என் முழங்கையில் கிள்ளினார். மாதையன் சிரித்த சிரிப்பில் காபி அவர் சட்டையில் பாதி. அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டுத்தான் போனார்கள்.

அந்த போனைப் பற்றிய என் ஐந்தாம் நாள் அபிப்பிராயத்தை நான் குழுவில் போடவே இல்லை. இப்போது நான் வேறு போன் வைத்திருக்கிறேன், வேறு நம்பர். பழையது பென்னாகரத்து வீட்டில், அத்தையின் சமையலறை அலமாரியில், மூலை விரிசலோடு கிடக்கிறது. சிம்மை நாங்கள் எடுக்கவில்லை. அதற்குக் காரணம் மாதையன் மாமா அன்று கொடுத்த தீர்ப்பு. நாற்பது வருடக் குடித்தனத்தில் அத்தை ஒருநாளும் அவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. ஆனால் போன் கேட்டால் சகுனத்தில் சேராது என்று சொன்னவரே அவர்தானே. அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். மாமாவின் நம்பரை அந்த போனில் யாரும் பதியக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அதனால் தினமும் காலையில் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றபடியே வீட்டுக்குள் இருக்கும் போனுக்கு அடிப்பார். பேரு மாதையன், ஊரு பென்னாகரம், சந்தைக்குப் போறேன், வெதத் தக்காளி பாக்கணும் என்று சத்தமாக ஒப்பிப்பார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் எழுத்து எழுத்தாகப் படிப்பார். மணி அடித்தாலும் எடுக்க மாட்டார். கடைசியில் போன் சொல்லும், "தேவைப்பட்டால் திரும்ப அழைப்பார்கள்."

"அதெல்லாம் தேவப்படாது, போயிட்டு வரச் சொல்லு" என்பார் அத்தை, போனைப் பார்த்து.