அவர் நம்பரில் இரண்டு பேர்

இனிப் பொறுப்பதில்லை என்று பல்செட்டுக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். மேல் வீட்டு டிரில் மாஸ்டரை எழுத்தாலேயே அடித்து உட்கார வைத்துவிட வேண்டியது.

உட்கார வைப்பதுதான் அவசரத் தேவையும். அந்த மனிதர் உட்காருவதே கிடையாது. காலமெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் குதிக்க வைத்தவர், ஓய்வு பெற்ற பிறகு குதிக்க வைக்க ஆள் கிடைக்காமல் தானே குதிக்க ஆரம்பித்துவிட்டார். விடிவதற்கு முன்னால், கையில் ஸ்கிப்பிங் கயிறோடு, உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, பல்செட்டுக்காரரின் கட்டிலுக்கு நேர் மேலே. தொம். தொம். தொம். மின்விசிறி ஆடும். பெயிண்ட் உதிரும். பல்செட்டுக்காரர் மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்து வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லுவார்.

"மாடி ஏறிப்போய் நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்பாள் மனைவி.

"நான் எதுக்கு ஏறணும்? அவர் இறங்கி வரட்டும்."

"அவர் ஏறி ஏறி இறங்கறதுதானே உங்களுக்குப் பிரச்சினையே?"



அதற்கு முந்தின வாரம்தான் குடியிருப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பல்செட்டுக்காரர் ஒரு மெசேஜ் போட்டு மானம் இழந்திருந்தார். பல் டாக்டரிடம் வருகிறவர்களுக்கெல்லாம் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். பிளாஸ்டர் குழைத்துக் குழைத்து விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழ கனத்துக்கு வந்துவிட்டது. போனில் ஒரு எழுத்தைத் தொட்டால் அக்கம்பக்கத்து எழுத்தெல்லாம் கூட்டுக் குடும்பமாகப் புறப்பட்டு வரும். 'உங்களை வன்மையாகக் கண்டிக்கிறேன்' என்று எழுதப் போனார். போன் தன் பங்குக்கு ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்தது. கண்ணாடி போடாமல் அனுப்பிவிட்டார். குழு முழுக்கப் போய்ச் சேர்ந்தது: 'டிரில் மாஸ்டர் அவர்களே, உங்களை வன்மையாகக் கண்ணடிக்கிறேன்.'

மாஸ்டர் பதிலுக்கு, வெட்கப்படும் பொம்மை ஒன்றை அனுப்பினார். லிஃப்டில் யாரும் பல்செட்டுக்காரர் கண்ணை நேராகப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

"எல்லாம் இந்தப் பொடி எழுத்தால வந்த வினை" என்றார் மனைவியிடம். "எனக்குப் பெரிய கீபோர்டு வேணும். போனை உன் கம்ப்யூட்டரோட இணைச்சு விடு."

மனைவி ஒரு காலத்தில் வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட். இப்போதும் கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறாள். அவள் விரல் வைத்தால் கீபோர்டில் மழை பெய்யும். திரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"போனை அதுக்கு நேரா காட்டுங்க."

காட்டினார்.

"அது என்ன, விசிறி மாதிரி வீசறீங்க? ஆடாம பிடிங்க. மூச்சை அடக்குங்க."

"மூச்சுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்க மூச்சு விட்டா தொப்பை ஆடுது. தொப்பை ஆடினா கை ஆடுது."

மூச்சை அடக்கினார். டிங் என்றது. அவர் போனில் இருந்த அத்தனை பேரும் கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக வந்து நின்றார்கள்.

"இனிமே இதுல அடிச்சா போன்லேருந்து போன மாதிரியே போகும்" என்றாள்.

"என் பேர்லயா?"

"யார் அடிச்சாலும் உங்க பேர்லதான்."

"பலே!" என்றார் பல்செட்டுக்காரர். பலே சொல்கிற இடமா அது? யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அன்று முழுக்க ஒற்றை விரலால் கீபோர்டைக் குத்தினார். சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தார். 'பிறர் காலைத் தூக்கத்தைத் தம் காலைத் தூக்கிக் கெடுப்பவரே!' என்று ஒரு வரி வந்ததும் அவருக்கே புல்லரித்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். இரண்டாம் முறையும் படித்துக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் என்னங்க பாவம் பண்ணினாரு? தனியா இருக்கற மனுஷன்."

"தனியாவா? ஒரு பட்டாளமே குதிக்கிற மாதிரி இருக்கு!"

மறுநாள் காலை, மேலே தொம் தொம் அடங்கியதும், அதைக் குழுவுக்கு அனுப்பினார். கீழே 'இதற்கு மறுப்பு இருந்தால் தெரிவிக்கவும்' என்றும் ஒரு வீறாப்பு. போருக்குப் போகிற நடையில் வேலைக்குக் கிளம்பினார்.

"கம்ப்யூட்டரை அணைச்சுட்டுப் போகட்டுமா?"

"இருக்கட்டுங்க. எனக்கு மனு அடிக்கணும்" என்றாள் மனைவி.

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் பின்னறைதான் அவர் பட்டறை. யாரோ ஒரு பெரியவரின் கீழ்த்தாடைக்கு அச்சு எடுக்கப் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தபோது போன் கத்தியது. எதிரி சரணடைந்துவிட்டான் என்று எட்டிப் பார்த்தார். குழுவில் யாரோ ஆச்சரியப்படும் பொம்மை போட்டிருந்தார்கள்; அதற்கு மேலே இருந்த மெசேஜ் அவரிடமிருந்தே வந்திருந்தது.

'நண்பர்களே, மேலே உள்ளது கோபத்தில் எழுதியது. மாஸ்டர் மன்னிக்கவும். உங்கள் சுறுசுறுப்பைப் பார்த்து எனக்குப் பொறாமை. அதுதான் உண்மை.'

பல்செட்டுக்காரருக்குச் சொந்தப் பல்லே கழன்று விழும்போல இருந்தது. கையில் பிளாஸ்டர். கட்டை விரலை மட்டும் சட்டையில் துடைத்துக்கொண்டு குத்தினார்: 'நான் மன்னிப்புக் கேட்கவில்லை!'

கண் இமைப்பதற்குள் அடுத்தது வந்தது: 'அதாவது, இன்னும் முறையாகக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.'

'இது நான் இல்லை!!'

'உண்மைதான். கோபம் வந்தால் நான் நானாக இருப்பதில்லை.'

அவர் ஒரு எழுத்து குத்துவதற்குள் அங்கே ஒரு பாரா வந்து விழுந்தது. வாழைப்பழத்துக்கும் மழைக்கும் போட்டி. தரைத்தள பேங்க் அம்மாள் நடுவில் எழுதினாள்: 'தன்னோடயே சண்டை போட்டு ஜெயிக்கிற மனுஷனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். கை தட்டறேன்.' எல்லாரும் தட்டினார்கள். திரை முழுக்கக் கைகள்.

பல்செட்டுக்காரர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏய், நீ எதுக்கு என் பேர்ல பேசற?"

"நான் எங்கங்க பேசறேன்? நம்பரைப் பாருங்க. நீங்கதான் பேசறீங்க."

"நிறுத்து முதல்ல!"

"இருங்க இருங்க, மாஸ்டர் ஏதோ டைப் பண்ணிட்டிருக்காரு" என்று வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "என்ன சார், இவ்வளவு சத்தம்? யார்கூட சண்டை?"

"என்கூடத்தான் டாக்டர்."

விவரம் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "இதுக்கு எதுக்கு அலறணும்? இணைப்பைத் துண்டிக்கிறதுக்கு போன்லயே வழி இருக்கு. இங்க பாருங்க, இதைத் தொட்டா போதும்."

தொடப் போனார். விரல் காற்றிலேயே நின்றது. மாஸ்டரின் பதில் வந்துவிட்டது.

'ஐயா, குடிவந்த நாளிலிருந்து இந்தக் கட்டடத்தில் என்னிடம் இவ்வளவு அன்பாக யாரும் பேசியதில்லை. கீழே உங்கள் கட்டில் இருப்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேனே. நாளையிலிருந்து மொட்டைமாடியில் குதித்துக்கொள்கிறேன். தங்கமான மனசு உங்களுக்கு.'

பல்செட்டுக்காரர் அதைப் படித்தார். தனியாக இருக்கிற மனுஷன்தான், பாவம். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். பிறகு 'தங்கமான மனசு' என்ற இடத்தை மட்டும் இன்னும் இரண்டு தடவை படித்தார். அதற்குக் கீழே குழுவில் உள்ளவர்கள் வரிசையாக ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவருக்கு யாரும் ஆமாம் போட்டதில்லை.

"தொடலையா சார்?" என்றார் டாக்டரம்மா.

"கொஞ்ச நேரம் போகட்டும் டாக்டர். நல்லாத்தான் பேசிக்கிட்டிருக்கேன்."

அந்தக் கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது. பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே அச்சைத் திரும்பிப் பார்த்தார். குழைத்த பிளாஸ்டர் கிண்ணத்தோடு கல்லாகியிருந்தது. சுத்தியலைத் தேடி எடுத்து உடைத்துவிட்டு வந்து பார்த்தால், போனில் அவருடைய புது மெசேஜ் ஒன்று உட்கார்ந்திருந்தது.

'மாஸ்டர், மொட்டைமாடியில் நீங்கள் தனியாகக் குதிக்க வேண்டாம். நாளையிலிருந்து நானும் உங்களோடு வருகிறேன். தினமும்.'

அழிக்கலாம் என்று பதறிப் பிளாஸ்டர் விரலால் தடவினார். அதற்குள் பதில் வந்திருந்தது: 'ஆகா! உங்களுக்குக் கயிறு நான் கொண்டு வருகிறேன்.' கட்டடம் மறுபடி கை தட்டியது. அத்தனை கைகளுக்கு நடுவில் எப்படி இல்லையென்று சொல்வது?

மறுநாள் விடியலில் மொட்டைமாடியில் ஒரு தொம்முக்குப் பதில் இரண்டு தொம் கேட்டது. இரண்டாவது தொம் கொஞ்சம் தாமதமாக, கனமாக, 'ஐயோ' என்ற வார்த்தையோடு சேர்ந்து வந்தது. மாஸ்டர் எண்ணினார், தட்டிக்கொடுத்தார், பழைய பள்ளிக்கூடக் கதை சொல்லிச் சிரிக்க வைத்தார். நல்ல மனுஷன். கயிறு காலில் மாட்டி விழுந்தபோதுகூட, "அழகா விழுந்தீங்க, அடுத்த தடவை இன்னும் நல்லா விழுவீங்க" என்று ஊக்கப்படுத்தினார்.

பல்செட்டுக்காரர் வேர்த்து வழிய, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வீட்டுக்கு வந்தார். மனைவி அப்போதுதான் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தாள். முகம் பூத்திருந்தது. அவருக்கும் ஒரு திருப்தி. தன் தியாகத்தால் ஒரு ஜீவனாவது தூங்கியிருக்கிறதே.

"என்ன, மேல குதிக்கிற சத்தம் இல்லாம நல்லாத் தூங்கினியா?"

"அந்தச் சத்தம் என் காதுல ஒருநாளும் விழுந்ததில்லீங்க" என்றாள் அவள், தலையணையை உதறிக்கொண்டே. "நீங்க படுத்துக்கிட்டு அவரைத் திட்டுற சத்தத்துலதான் எனக்குத் தினமும் தூக்கம் கெட்டுது."