பாரமவுண்ட் ஆகாத கூரை

கார்டன் ரீச்சில் ஆற்றைப் பார்த்து நிற்கும் ஓர் அரசு அலுவலகத்தில், தலைமை எழுத்தர் கோவிந்தராஜனின் நாற்காலிக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. "மேற்படி ஒழுகலை நிறுத்துவது மிக இம்பார்ட்டன்ட்" என்று அவர் மேலதிகாரி சாட்டர்ஜிக்கு எழுதினார்.

சாட்டர்ஜி கூப்பிட்டு அனுப்பினார்.

"கோவிந்தராஜன் பாபு, நம் விதிப்படி கோப்புகளின் பாதுகாப்பு 'பாரமவுண்ட்'. இம்பார்ட்டன்ட் எல்லாம் அதற்குக் கீழே."

அன்று மாலையே கோப்பு அலமாரிக்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள். கோவிந்தராஜன் குடை பிடித்தபடி கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அவர் கூரையையும் பாரமவுண்ட் என்று திருத்தி எழுதினார். பக்கத்து மேஜை ரஞ்சனா எட்டிப் பார்த்தாள்; அவளுடைய மின்விசிறி பாரமவுண்ட் ஆயிற்று. கணக்குப் பிரிவுக்கு லிஃப்ட், தபால் பிரிவுக்கு டீ. வாரக் கடைசியில் பாரமவுண்ட் ஆகாமல் மிஞ்சியது குண்டூசி ஒன்றுதான்.

சாட்டர்ஜி அகராதியோடு கூட்டம் போட்டார்.

"எல்லாவற்றுக்கும் மேலானது என்று அர்த்தம் போட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே இத்தனை பேர் எப்படி உட்கார முடியும்?"

"'மோர் பாரமவுண்ட்' என்று வைத்துக்கொள்ளலாமே சார்," என்றாள் ரஞ்சனா.

"இலக்கணம் அனுமதிக்காது."

"மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கிவிடலாம்," என்றார் கணக்குப் பிரிவுக்காரர்.

எழுதினார்கள். பதில் வந்தது: ஓர் அலுவலகத்துக்கு மாதம் ஒரே ஒரு பாரமவுண்ட். அது எதுவென்று ஊழியர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தீர்மானிக்கலாம்.

கோவிந்தராஜன் மேஜை மேஜையாகப் போனார். "என் தலைக்கு மேலே விரிசலே விட்டுவிட்டது. பார்த்துப் போடுங்கள்."

"உங்களுக்குப் போடாமல் வேறு யாருக்கு, தாதா?" என்று வங்காளி வழக்கப்படி அண்ணன் முறை வைத்துச் சொன்னார்கள் எல்லாரும். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாக்குச்சீட்டைப் போட்டுவிட்டு அவர் திரும்பும்போது, கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து அவர் நாற்காலிமேல் விழுந்தது. நாற்காலி நொறுங்கியது. எல்லாரும் ஓடிவந்து அவர் சட்டையில் படிந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்கள். ரஞ்சனா அழுதேவிட்டாள். ஆனாலும் விதி விதிதானே, வாக்குகளை எண்ணினார்கள்.

துர்கா பூஜைக்குக் கூடுதலாக ஒரு நாள் விடுமுறை: அத்தனை வாக்குகளும். கூரைக்கு: ஒன்றுமில்லை.

சாட்டர்ஜி சீட்டுகளை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார். "உங்கள் ஓட்டு எங்கே, பாபு?"

கோவிந்தராஜன் குடையை மடக்கினார்.

"பூஜையின் சப்தமி ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைக்கிறதே சார், ஒரு லீவு வீணாகிறதே. கூரைக்குத்தான் இவர்கள் எல்லாரும் போடுவதாகச் சொன்னார்களே."