கொடியிடைக் கயிறு

திருச்சானூருக்குத் தாயாரைச் சேவிக்க வந்த கூட்டத்தில் பாதி இப்போதெல்லாம் பின்தெருக் கொட்டகையில்தான் நிற்கிறது. உள்ளே கயிற்றுச் சாமி. குண்டுப் பிள்ளைகளை ஒரே நொடியில் இளைக்க வைக்கிறாராம். வாசலில் ஒரு எடை மிஷின். பிள்ளையை ஏற்றி எடையைச் சீட்டில் எழுதுவார்கள். உள்ளே சாமி இடுப்பில் கொடியிடைக் கயிறு கட்டுவார். வெளியே போகும் வழியில் இன்னொரு மிஷின். அதில் சரியாக மூணு கிலோ குறைந்திருக்கும். கயிறு ஐநூற்றொரு ரூபாய். கொள்ளை மலிவு. மூணு கிலோ ஆட்டுக்கறி வாங்கிப் பாருங்கள், தெரியும்.

பத்தியம் கிடையாது. சிப்ஸ் தின்னலாம், கூல்டிரிங்ஸ் குடிக்கலாம். பிள்ளை ஓடியாட மட்டும் கூடாது. ஓடினால் கயிற்றின் சக்தி வேர்வையில் கரைந்துபோகுமாம். தின்னு, உட்கார், இளை. இப்படி ஒரு சாமியை யார்தான் விடுவார்கள்?

தமிழரசு புத்தலப்பட்டுக்காரன். சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிறவன். மகள் சுமித்ராவுக்குப் பத்து வயசு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஸ்கூலுக்கு வந்த டாக்டரம்மா, "பட்டினி போடாதீங்க, வளர்ற பிள்ளை. பாக்கெட்டுத் தீனியைக் குறைச்சுக் காய், பருப்பு, கேழ்வரகு குடுங்க. தினம் ஒரு மணி நேரம் விளையாட விடுங்க" என்று சொல்லியிருந்தார். சுமித்ரா ஸ்கூல் கோகோ டீமில் சேர்ந்தாள். ரெண்டே மாசத்தில் பேசிக்கொண்டே மாடி ஏறினாள். அந்த நேரம் பார்த்து அவள் அம்மா கன்னிகா அவளை இழுத்துப்போய்க் கயிறு கட்டி வந்தாள். கோகோ நின்றது.

"நைனா, சனிக்கிழமை மேட்ச். போவலன்னா என் பேரை எடுத்துடுவாங்க," என்று அப்பாவிடம் சிணுங்கினாள் சுமித்ரா.

"பேசாம குந்துடி. சாமி ஓடக்கூடாதுன்னுக்கீறாரு," என்றாள் கன்னிகா.

"ஒரே நொடில மூணு கிலோ போச்சுன்றியே, பாவாடை லூசாச்சா?" என்றான் தமிழரசு.

"பாவாடைக்கு இன்னாய்யா தெரியும்?"

வியாழக்கிழமை அவன் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். தோளில் சீல் பிரிக்காத இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை.

வாசல் தொண்டன் சுதீருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "அன்னதானத்துக்கா? ரண்டி, ரண்டி," என்று தெலுங்கில் வரவேற்றான்.

"எடை போட்டு எழுதிக்கோ தம்பி. பின்னால பேச்சு வரக்கூடாது."

மிஷின் இருபத்தாறரை காட்டியது. சுதீர் எழுதினான். அரிசியைத் தடுக்க எந்த மடத்திலும் ஆளில்லை. தமிழரசு மூட்டையோடு சாமியைத் தாண்டிப் போய், வெளிவழி மிஷினில் பொத்தென்று போட்டான். இருபத்துமூன்றரை.

வரிசை எட்டிப் பார்த்தது.

"கயிறே கட்டல. மூட்டை மூணு கிலோ இளைச்சுடுச்சு," என்றான்.

ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி பார்வை பட்டாலே போதும்போல."

பக்தி என்றால் இது பக்தி.

தமிழரசு பெருமூச்சு விட்டு, மூட்டையை மறுபடி தோளில் ஏற்றி, வந்த வழியே நடந்து வாசல் மிஷினில் வைத்தான். இருபத்தாறரை.

"போகச்சொல்ல இளைச்சுது. திரும்பி வரச்சொல்ல மூணு கிலோ ஏறிக்கிச்சு. பத்தடி தூரத்துல அரிசி இன்னாம்மா துன்னுச்சு?"

அந்த அம்மாள் எட்டி மிஷினில் எண்ணைப் பார்த்தாள்.

"மூட்டை மேல இருபத்தஞ்சுன்னு போட்டுக்குது. இது ஒன்றரை கூட்டுது, அது ஒன்றரை குறைக்குது. வாங்க ஒரு தராசு, விக்க ஒரு தராசு வச்சிக்கீற ஆளுங்கள மண்டில பார்த்துக்கீறேன். அவங்க காவி கட்டல, அவ்ளோதான்."

சுதீர் மிஷின் ஒயரைப் பிடுங்கினான். சாமிக்குத் திடீரென்று தியானம் வந்துவிட்டது. அதைப் பின்கதவுக்கு வெளியே செய்ய எழுந்தார். ஐநூற்றொன்று கொடுத்தவர்கள் அங்கேயும் வரிசையில் நின்றிருந்தார்கள்.

கன்னிகா குனிந்து மகளின் இடுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. "சனிக்கிழமை எத்தனை மணிக்குடி மேட்ச்?"

மூளையே இல்லாத அரிசி மூட்டை உண்மையைச் சொல்லிவிட்டது. பிள்ளைகள் உடம்பு அசைந்தால் பிள்ளைகள் இளைப்பார்கள். பெற்றவர்கள் மூளை அசைந்தால் சாமியார்கள் இளைப்பார்கள். கொஞ்சம் அசைத்துத்தான் பாருங்களேன்.