அதாவதுகாரு தப்பாக எழுதிய பத்திரம்

பிரம்மா உலகத்தைப் படைக்க உட்கார்ந்த அன்றைக்கு எங்கள் ஊர் அதாவதுகாரு பக்கத்தில் இருந்திருந்தால், இந்த நிமிஷம் வரைக்கும் முதல் புல் முளைத்திருக்காது. "புல்லுன்னா எந்தப் புல்லு சாமி? அருகா, கோரையா? பின்னால ஜனங்க வேற பேரு வெச்சிக் கூப்பிட்டா அதுவும் இதுல அடங்குமா? இப்பவே எழுதிடுங்க, அப்பறம் தகராறு வரும்" என்று பிரம்மாவின் நாலு தலையையும் ஒரே நேரத்தில் சொறிய வைத்திருப்பார்.

திருத்தணியில் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டாய் போட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. வாயைத் திறந்தால் 'அதாவது' என்பார். தெலுங்கு பேசுகிறவர்கள் மரியாதைக்கு ஒரு 'காரு' ஒட்டினார்கள், தமிழ் பேசுகிறவர்கள் அதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் எனக்கு வாடகை சைக்கிள் கடை. சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் குறைந்தால், பஞ்சர் ஒட்டுகிற கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு நான் போய்ப் போட்டுவிட்டு வருவேன். அந்தத் தாலுக்காவில் பாதி நிலம் கைமாறினதற்கு என் கிரீஸ் கறையும் சாட்சி.

அவர் திருப்பதி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்கு மயக்கம் வரும்.

"எங்கங்க?"

"திருப்பதி ஒண்ணு. அதாவது, கீழ்த்திருப்பதி. மலை இதுல அடங்காது."

"எங்க பஸ்ஸு மலைக்கு ஏறாதுங்க."

"ஏறாதுன்னு டிக்கட்டுல எழுதியிருக்கா?"

நம் திருத்தணி மலைக்குப் போனாலும் இதே கதைதான். ஒரு கிருத்திகையில் அவருக்குப் பின்னால் நின்று என் காதால் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, என் குடும்பத்தைக் காப்பாத்து. அதாவது, நான், என் சம்சாரம், புள்ளைங்க, இனிமே பொறக்கப்போற பேரப்புள்ளைங்க. மச்சினன் நீங்கலாக" என்றார். பக்கத்தில் இருந்த அவர் சம்சாரம் முழங்கையால் இடித்த இடியில், "மச்சினன் உட்பட" என்று உடனே திருத்திக்கொண்டார்.

இந்த வியாதி அவருக்கு ராஜ்யத்தால் வந்தது. எங்கள் ஊர் அப்போது ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அறுபதாம் வருஷம் எல்லையைத் திருத்தி எங்களைச் சென்னை ராஜ்யத்தில் சேர்த்தார்கள். நாங்கள் யாரும் ஒரு அடி நகரவில்லை. ஒரு ராஜ்யத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் இன்னொரு ராஜ்யத்தில் எழுந்து பல் விளக்கினோம், அவ்வளவுதான். சிலபேர் மிட்டாய் கொடுத்தார்கள், சிலபேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதாவதுகாரு மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். 'ஆந்திர ராஜ்யம், சித்தூர் ஜில்லா' என்று அழகான கையெழுத்தில் தலைப்பு எழுதி, ஒரு கட்டுக் காகிதம் தயாராக வைத்திருந்தார் பாவம்.

"மனுஷன் பேரு மாத்தினா 'என்கிற'ன்னு போட்டு எழுதிடலாம். ராஜ்யமே மாறினா இன்னாய்யா பண்றது?" என்று என்னைக் கேட்டார். நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன தெரியும்?

அன்றைக்கு அவர் கண்டுபிடித்ததுதான் அந்தப் பிரசித்தி பெற்ற வரி. அதற்குப் பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு பத்திரத்திலும் 'சென்னை ராஜ்யம்' என்ற சொல் வந்தவுடனே இது தொடரும்: 'அதாவது, இன்றைய தேதியில் அந்தப் பெயரால் வழங்குவதும், இனி எக்காலத்திலும் சர்க்கார் உத்தரவின் பேரில் வேறு எந்தப் பெயர் பெற்றாலும் அந்தப் பெயராலும் வழங்கப்போவதுமான மேற்படி ராஜ்யம்.' எருமை மாடு விற்ற ரசீதில்கூட இந்த வரி உண்டு. எருமைக்கு ஒரு வரி, ராஜ்யத்துக்கு மூன்று வரி.

வாங்கினவர் கேட்டார்: "ஏங்க, நான் வாங்கினது எருமையா, ராஜ்யமா?"

"எருமை ஒருநாள் செத்துப்பூடும். ராஜ்யம் ஒருநாள் பேரு மாறும். ரெண்டுக்கும் இப்பவே ஏற்பாடு பண்ணிக்கணும்."

சிரித்தோம். அறுபத்தொன்பதில் சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது பாருங்கள், எங்கள் சிரிப்பு நின்றது. ஊரெல்லாம் தமிழ்நாடு பிறந்ததற்கு மிட்டாய் கொடுத்தது. அதாவதுகாரு தன் வரி பலித்ததற்கு மிட்டாய் கொடுத்தார். என்னிடமே வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, தான் பத்திரம் எழுதிக் கொடுத்த வீடுகளின் வாசலில் எல்லாம் பெல் அடித்து, "நான் எழுதல? நான் எழுதல?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அவரிடம் தப்பு என்ற பேச்சே கிடையாது. அவர் பத்திரத்தில் அடித்தல் திருத்தல் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மழையில் தொப்பலாக நனைந்து வந்தால்கூட, குடை எடுக்காதது தன் தப்பு என்று சொல்ல மாட்டார். "மழை தன் டயத்துக்கு வர்ல" என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் முனிரத்தினமும் சஞ்சீவியும் வந்து மாட்டினார்கள்.

முனிரத்தினம் பொதட்டூர்பேட்டைக்காரர், வீட்டிலேயே தறி. சஞ்சீவி நகரியில் இருந்தார், அவருக்கும் தறிதான். சஞ்சீவியின் தங்கை அலமேலுவைத்தான் முனிரத்தினம் கட்டியிருந்தார். மச்சான் முறைக்கு ஒருத்தரை ஒருத்தர் பாவா என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷர்கள். எல்லையைத் திருத்தியபோது பொதட்டூர்பேட்டை எங்களோடு இந்தப் பக்கம் வந்துவிட்டது, நகரி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தச் சூட்டில், முனிரத்தினத்தின் மகன் துரைக்கு நம் மலையில் காது குத்து. பந்தியில் சஞ்சீவி ஒரு வாய் சாம்பார் சோறு சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னா பாவா, ராஜ்யம் மாறின உடனே சாம்பாரு தண்ணி ஆயிடிச்சி?"

"உங்க ராஜ்யத்து மொளகா தின்னு உனுக்கு நாக்கு மரத்துப் பூடுச்சி பாவா."

சாம்பாரில் ஆரம்பித்தது ஆறு, அணை, மொழி, முப்பாட்டன் என்று போய், கை கழுவுவதற்குள் பெண்ணில் வந்து நின்றது. சஞ்சீவிக்குக் கைக்குழந்தையாக ஒரு மகள், கமலா. துரைக்கு முறைப்பெண். பிறந்த அன்றைக்கே பேசிவைத்தது. "சென்னை ராஜ்யத்துக்கு என் பொண்ண குடுக்க மாட்டேன்" என்றார் சஞ்சீவி. "ஆந்திராவுலேர்ந்து நான் எடுக்க மாட்டேன், எழுதிக் குடு" என்றார் முனிரத்தினம். மற்ற ஊரில் என்றால் இரண்டு நாள் பேசாமல் இருந்து சரியாகிவிடும். எங்கள் ஊரில் மலையை விட்டு இறங்கினால் எதிரே ரிஜிஸ்டர் ஆபீஸ், பத்திரக் கொட்டாய். எச்சில் கை காய்வதற்குள் முத்திரைத்தாள் வாங்கிவிட்டார்கள்.

"இதெல்லாம் கோர்ட்டுல செல்லாதுப்பா" என்று அதாவதுகாரு சொல்லத்தான் சொன்னார்.

"கோர்ட்டுக்கா எழுதுறோம்? எங்க மானத்துக்கு எழுதுறோம். கெட்டியா எழுதுங்க."

கெட்டியாக என்று சொன்னால் போதுமே, பிறகு அவரை யார் நிறுத்த முடியும்? ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்குப் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. யார் முதலில் வார்த்தை தவறுகிறாரோ அவர் மற்றவர் வாசலில் நின்று, 'உங்க ராஜ்யம்தான் ஒசத்தி' என்று தெரு கேட்கச் சொல்ல வேண்டும். ராஜ்யத்துக்கு அந்த மூன்று வரி விளக்கம் வேறு. சாட்சி, வழக்கம்போல நான்.

பாவாக்கள் இரண்டு பேரும் அடுத்த தீபாவளிக்கே சமாதானம். ஆனால் பத்திரம் பத்திரமாகவே இருந்தது. கமலாவும் துரையும் வளர்ந்தார்கள். லீவு விட்டால் அத்தை வீடு, மாமா வீடு என்று இருந்ததில், பெரியவர்கள் வேண்டாம் என்று எழுதிவைத்தது அவர்கள் இரண்டு பேருக்கும் வேண்டும் என்று ஆகிவிட்டது. எழுபதுகளின் நடுவில் குண்டூர் பக்கத்திலிருந்து கமலாவுக்கு ஒரு வரன் வந்தது. வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அலமேலு முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொட்டாய்க்கு வந்துவிட்டார்.

"அய்யா, துரை தறியில உக்காந்து நாலு நாளாவுது. கமலா அங்க சோறு தின்னாம அழுதுகினு இருக்குதாம். எங்க அண்ணனுக்கும் மனசு இருக்குது, இவருக்கும் மனசு இருக்குது. யாரு வாசல்ல போயி யாரு ஒசத்தின்னு சொல்றதுன்றதுதான் சண்டை. மனுஷங்க திருந்திட்டாங்கய்யா, அந்தப் பேப்பர்தான் திருந்தல."

"என் பத்திரத்தை ஜட்ஜு வந்தாக்கூட அவுக்க முடியாதும்மா" என்றார் அதாவதுகாரு. பெருமையாகத்தான் சொன்னார். அலமேலு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்ட பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை பாவாக்கள் இரண்டு பேரும் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். முகத்தில் ஒரு புதுத் தெளிவு. முனிரத்தினத்துக்கு யோசனை ஒன்று தோன்றியிருந்தது.

"பத்திரத்துல இன்னா போட்டிருக்குது? சென்னை ராஜ்யத்துக்குக் குடுக்கறதில்லன்னுதானே? இப்ப சென்னை ராஜ்யம்னு ஒண்ணு ஏதுங்க? இது தமிழ்நாடு!"

"அதானே பாவா!" என்று சஞ்சீவி தொடையைத் தட்டினார். "தமிழ்நாட்டுக்குக் குடுக்க மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? யாரும் வார்த்தை தவறல. சாட்சி, நீ படிச்சிச் சொல்லுப்பா."

நான் படித்தேன். 'சென்னை ராஜ்யம்' என்று படித்தவுடன் இரண்டு பேரும் சிரித்தார்கள். 'இனி எக்காலத்திலும் வேறு எந்தப் பெயர் பெற்றாலும்' என்று படித்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சஞ்சீவி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்ப குண்டூருதான்" என்றார். முனிரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டாய்க்கு வெளியே, அவர்கள் கூடவே வந்திருந்த அலமேலு.

"உக்காருய்யா" என்றார் அதாவதுகாரு.

பத்திரத்தை என் கையிலிருந்து வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் எழுதியதைத் தலையிலிருந்து கால் வரைக்கும் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இது செல்லாது. தப்பா எழுதியிருக்குறேன்."

என் காதை நான் நம்பவில்லை.

"எது தப்பு?" என்று கேட்டேன்.

"நாலு எல்லை இல்ல. ஒரு சென்ட் மனை எழுதினாக்கூட கிழக்கே யாரு, மேற்கே யாருன்னு செக்குபந்தி எழுதணுமா, இல்லியா? இவ்ளோ பெரிய ராஜ்யத்தை எழுதியிருக்குறேன், கிழக்கே சமுத்திரம்னு போடல, மேற்கே கேரளான்னு போடல. வடக்கே யாருன்னு போடல."

"வடக்கே யாருங்க?" என்றார் முனிரத்தினம், மூச்சை அடக்கிக்கொண்டு.

"வடக்கே உன் பாவாதான்யா! எல்லை சொல்லாத பத்திரம் வெத்துப் பேப்பரு. அன்னிக்கே செல்லாது. நீங்க ரெண்டு பேரும் வார்த்தையே குடுக்கல, அப்பறம் எங்க தவறுறது? தப்பு என்னுது."

அடுத்த நொடி பாவாக்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் அவர் மேல் பாய்ந்தார்கள்.

"ஏன்யா, இத்தினி வருஷமா ஒரு வெத்துப் பேப்பருக்கா பயந்துகினு இருந்தோம்?"

"பத்திரம் எழுதறியா, பட்டம் உடறியா?"

"எல்லை தெரியாத ஆளுகிட்ட வந்தோம் பாரு பாவா, நம்மள சொல்லணும்!"

திட்டத் திட்ட அவர்கள் முகத்தில் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அதாவதுகாரு தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். சஞ்சீவி பத்திரத்தை நாலாகக் கிழித்தார், முனிரத்தினம் எட்டாகக் கிழித்தார். "நாளைக்குத் தாம்பூலம் உண்டு பாவா, ஆனா குண்டூருக்கு இல்ல" என்று தோளில் கை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அலமேலு உள்ளே வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே ஓடினார்.

"செக்குபந்தி நிலத்துக்குத்தானே எழுதுவாங்க? ராஜ்யத்துக்கு எவன் எழுதினான்?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"உன் கடையில யாரோ நிக்கறாங்க பாரு" என்றார். என் கடையில் ஒரு ஆளும் இல்லை.

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். விஷயம் ஊரெல்லாம் பரவ எத்தனை நேரம் ஆகும்? பக்கத்துக் கொட்டாயில் பத்திரம் எழுதுகிறவர் ஆபீசுக்கு வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "இங்க வாங்க, நான் நாலு எல்லையும் எழுதுவேன்" என்பார். கொஞ்ச காலம் நிறைய பேர் அங்கேதான் போனார்கள். டீக்கடையில் இவரைப் பார்த்து, "என்னங்க, வடக்கே யாரு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு தரம்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை. நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "அந்தப் பத்திரத்துல தப்பே இல்லன்னு நான் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"கமலா மாசமா இருக்குதாம், கேள்விப்பட்டியா?" என்றார்.

எண்பதுகளில் நான் ஒரு சின்ன வீடு வாங்கினேன். எழுதுகிற தேதிக்கு அதாவதுகாரு காய்ச்சலில் படுத்துக்கிடந்தார். பக்கத்துக் கொட்டாயில் கூட்டம் இல்லை, அங்கே எழுதுகிறவரும் கூப்பிட்டார். "அவருக்குக் காய்ச்சல் உடட்டுங்க, நான் இருந்தே எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பாட்டில் சோடா வாங்கிக்கொண்டு அதாவதுகாரு வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன்.